சுவருக்குள் போன ஸ்க்ரூ

தீபாவளி நெருங்கும் நேரத்தில் ஆரம்பித்தது. அயர்ன்பாக்ஸைப் போட்டால் வீடு முழுக்க கரண்ட் போகும். வீட்டு வயர்களெல்லாம் பிரியும் டிபி பாக்ஸில் இருக்கும் ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சாதனம், எங்கள் தெருவில் இன்னும் எல்லோரும் ஈஎல்சிபி என்பார்கள், அதன் சுவிட்ச் டக்கென்று கீழே விழும். தூக்கிவிட்டால் நிற்கும். மறுபடி அயர்ன்பாக்ஸ், மறுபடி டக்.

திருச்சி உறையூரில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். முன்னறைதான் எனக்குக் கடை. அந்தச் சமயத்தில் கையில் நாற்பதுக்கும் மேல் பிளவுஸ் இருந்தது. தைத்த துணியைத் தேய்க்காமல் கொடுக்க முடியாது. அயர்ன்பாக்ஸில்தான் கோளாறு என்று நினைத்து ரிப்பேர் கடையில் கொடுத்தேன். ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு அயர்ன்பாக்ஸை வாங்கிப் போட்டேன், அதற்கும் ட்ரிப் ஆனது. அடுத்த வாரம் கிரைண்டருக்கும் ஆனது. அதற்குப் பிறகு, மழை பெய்த ஒரு சாயங்காலம், எங்கள் வீட்டில் எதையும் போடாதபோதே தானாக விழுந்தது. அத்தை பயந்துபோய், "வீட்டுக்கு என்னமோ ஆயிடுச்சு, ஆளக் கூப்பிடு" என்றார்.

தெருவில் வழக்கமாக வரும் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஐந்து நிமிடம் பார்த்தார். "ஈஎல்சிபி வீக் ஆயிடுச்சுங்க. புதுசு வாங்கி மாட்டிக்கலாம். அதுவரைக்கும் டைரக்ட் பண்ணி விடுறேன், உங்க வேலை நிக்காது" என்றார். சாதனத்துக்குள் வரும் இரண்டு வயரையும், வெளியே போகும் இரண்டு வயரோடு நேராகச் சேர்த்துவிட்டுப் போனார். அன்று இரவு பன்னிரண்டு மணி வரை தேய்த்தேன். ஒரு தடவைகூட கரண்ட் போகவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்றே நம்பினேன்.

பதினோரு நாள் அப்படியே ஓடியது. அத்தையின் அறை ஃபேன் ரெகுலேட்டரை மாற்ற இன்னொருவர் வந்தார். வயதானவர், அரசு தரும் வயர்மேன் லைசென்ஸ் வைத்திருப்பவர். மெயினை அணைக்க டிபியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரும்மா இதை டைரக்ட் பண்ணினது?"

சொன்னேன். ரெகுலேட்டரை ஓரமாக வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். எது போட்டால் ட்ரிப் ஆச்சு, எது போட்டால் ஆகல, எந்த நேரத்தில் ஆச்சு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். லைட்டுக்கு ஆகாது, ஒரு ஃபேனுக்கு ஆகாது, அயர்ன்பாக்ஸுக்கு உடனே ஆகும் என்றதும் தலையாட்டினார். "அது வீக் ஆகலம்மா. சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. உங்க வீட்டுல எங்கேயோ கறுப்பும் பச்சையும் ஒண்ணா சேர்ந்திருக்கு."

கறுப்பு என்றால் நியூட்ரல், பச்சை என்றால் எர்த். கரண்ட் கொண்டுவரும் சிவப்பு வயர் பச்சையைத் தொட்டால் எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடும்: பொறி பறக்கும், லைனுக்கு ஒன்றாக டிபியில் இருக்கும் சின்ன பிரேக்கர், எம்சிபி, விழும். கறுப்பு பச்சையைத் தொட்டால் எதுவும் தெரியாது, லைட் எரியும், ஃபேன் சுற்றும். ஆர்சிசிபி ஒன்றுதான் அதைக் கண்டுபிடிக்கும். சிவப்பில் எவ்வளவு கரண்ட் போகிறது, கறுப்பில் எவ்வளவு திரும்புகிறது என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வீடுகளில் மாட்டுவது 30 மில்லி ஆம்பியர் சாதனம். வித்தியாசம் அந்த அளவை எட்டுவதற்குள் துண்டித்துவிடும்.

கணக்கை அவர் என் கட்டிங் பேப்பரிலேயே போட்டுக் காட்டினார். 9 வாட்ஸ் பல்ப் இழுப்பது 0.04 ஆம்பியர். 1000 வாட்ஸ் அயர்ன்பாக்ஸ் 230 வோல்ட்டில் இழுப்பது 4 ஆம்பியருக்கும் மேல். கறுப்பும் பச்சையும் சேர்ந்திருந்தால், திரும்பிப் போகும் கரண்டில் சிறு பங்கு கறுப்பை விட்டு பச்சை வழியாக மண்ணுக்குப் போகும். பல்ப் கரண்டில் நூறில் ஒரு பங்கு ஒன்றுமே இல்லை. 4 ஆம்பியரில் நூறில் ஒரு பங்கு என்றால் 40 மில்லி ஆம்பியர், அது போதும். எங்கள் வீட்டில் எதுவும் ஓடாதபோது விழுந்ததற்கும் காரணம் சொன்னார். தெருவில் எல்லோரும் மோட்டார், ஏசி போடும் நேரத்தில் பொதுவான நியூட்ரலிலேயே சில வோல்ட் ஏறி நிற்குமாம். அது எங்கள் வீட்டுக்குள் வந்து, கறுப்பும் பச்சையும் ஒட்டிய இடம் வழியாக எர்த்துக்கு இறங்கியிருக்கிறது.

அடுத்து அவர் சொன்னதைக் கேட்டுத்தான் கை நடுங்கியது. மழைக்காலத்தில் கம்பத்தில் நியூட்ரல் அறுந்துபோவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்படி அறுந்தால், பல்ப், ஃபேன், அயர்ன்பாக்ஸ் வழியாகக் கறுப்புக்கு வரும் கரண்டுக்குத் திரும்பிப் போக வழி இருக்காது. எங்கள் வீட்டில் கறுப்பு பச்சையோடு ஒட்டியிருந்ததால் எல்லாம் பச்சைக்குப் போயிருக்கும். பச்சை போய்ச் சேரும் இடங்கள் ஃப்ரிட்ஜின் உடம்பு, கிரைண்டரின் உடம்பு, அயர்ன்பாக்ஸின் தகடு. எர்த் குழி காய்ந்து கிடந்தால் அவ்வளவு கரண்டையும் மண் இழுத்துக்கொள்ளாது, தொடுபவர் மேல் பாயும். ஆர்சிசிபி இருந்தால் அந்த நொடியே துண்டித்திருக்கும். நாங்கள் பதினோரு நாள் அது இல்லாமல் இருந்தோம், அதில் நான்கு நாள் இரவு முழுக்க மழை. அத்தை தினமும் விடிகாலை ஈரக்கையோடு ஃப்ரிட்ஜ் கதவைத் திறப்பவர்.

எலக்ட்ரீஷியன் யாராவது "டைரக்ட் பண்ணிடலாம்" என்று சொன்னால், அன்றைக்கு வேலை கெட்டாலும் பரவாயில்லை, வேண்டாம் என்று சொல்லுங்கள். சாதனம் உண்மையிலேயே கெட்டிருந்தால் புதிதாக மாட்டிய பிறகு கரண்ட் வரட்டும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்தார். முதலில் மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரை உருவி தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாதே என்று. அடுத்து நேராக இன்வெர்ட்டரிடம் போனார். நம் வீடுகளில் மெயினை அணைத்துவிட்டு எல்லாம் செத்துவிட்டது என்று கை வைக்கிறோம். மெயின் போனதும்தானே இன்வெர்ட்டர் உயிர் பெறுகிறது? ஒரே சுவிட்ச் போர்டில் ஒரு சிவப்பு இ.பி. கரண்ட், பக்கத்திலேயே இன்னொரு சிவப்பு இன்வெர்ட்டர் கரண்ட். இன்வெர்ட்டரின் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, பேட்டரியிலிருந்து அது கொடுத்துக்கொண்டே இருக்கும். அதன் சொந்த சுவிட்சையே அணைக்க வேண்டும். அவர் அணைத்துவிட்டு, லைட்டும் ஃபேனும் நிற்கிறதா என்று ஒவ்வொரு அறையிலும் போட்டுப் பார்த்தார்.

டெஸ்டரை அவர் முழுசாக நம்பவில்லை. பக்கத்தில் ஓடும் வயரிலிருந்து தூண்டப்பட்டு, கரண்ட் இல்லாத வயரிலும் அந்தச் சின்ன நியான் மங்கலாக எரியுமாம். டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால், கரண்ட் இருந்தும் எரியாதாம். மெயினை அணைப்பதற்கு முன்பே ஹோல்டரும் இரண்டு வயரும் உள்ள டெஸ்ட் லேம்ப்பை ஒரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். அணைத்த பிறகு ஒவ்வொரு போர்டிலும் வைத்துப் பார்த்தார். கடைசியாக, மாடி வீட்டுப் பிளக்கில் போய் லேம்ப் இன்னும் எரிகிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டு வந்தார். இத்தனையும் முடிய பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

தேடல் அதற்குப் பிறகுதான். பிளக்கில் சொருகியிருந்த எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். டிபியில் கறுப்பு வயர்களெல்லாம் சேரும் நியூட்ரல் லிங்க்குக்கும் பச்சை வயர்கள் சேரும் எர்த் லிங்க்குக்கும் இடையே, தொடர்பு இருந்தால் சத்தம் போடும்படி மல்டிமீட்டரை வைத்தார். பீப். மெயின் அணைந்திருக்கும்போது அந்த இரண்டுக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. நியூட்ரல் லிங்க்கிலிருந்து கறுப்பு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். துணிகளுக்கு நான் கட்டும் எண் சீட்டுகளையே வாங்கி, கழற்றக் கழற்ற ஒவ்வொரு வயரிலும் நூலால் கட்டினார். ஐந்தாவது வயரைக் கழற்றியதும் பீப் நின்றது.

இதற்கு முன் எம்சிபிகளை ஒவ்வொன்றாக அணைத்து நாங்களே தேடியபோது ஏன் அகப்படவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஒற்றை எம்சிபி சிவப்பை மட்டும்தான் துண்டிக்கிறது. கறுப்பு லிங்க்கோடு ஒட்டியே இருக்கும். கறுப்பில் உள்ள கோளாறை அப்படி எத்தனை நாள் தேடினாலும் பிடிக்க முடியாது.

ஐந்தாம் எண் முன்னறை லைன். கூரையை ஒட்டிய ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, வயர்களைப் பிரித்து, மேல்பாதியா கீழ்பாதியா என்று பார்த்தார். கீழ்பாதி. கீழே சுவிட்ச் போர்டைக் கழற்றி அங்கேயும் வயர்களை விடுவித்தார். இரண்டு முனையும் காற்றில் தொங்குகின்றன, எதோடும் ஒட்டவில்லை. இருந்தும் கறுப்புக்கும் பச்சைக்கும் நடுவே பீப். அப்படியென்றால் சுவருக்குள், அந்த ஐந்தடி பைப்புக்குள்தான்.

அவர் மீட்டரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். நூல்கண்டுகள் அடுக்கும் ரேக். அதன் வலது பக்க ஸ்க்ரூ, சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே ஒன்றரை அடியில்.

"இது எப்ப வெச்சது?"

ஆடி மாதம். தம்பி ட்ரில்லிங் மெஷின் வாங்கிய புதிதில் வந்து மாட்டிக் கொடுத்தான். அவர் என் கையில் மீட்டரைக் கொடுத்து, ஸ்க்ரூ டிரைவரால் அந்த ஸ்க்ரூவை ஒரு சுற்று வெளியே எடுத்தார். பீப் நின்றது. உள்ளே திருகினார், பீப். வெளியே, அமைதி. மூன்று தடவை செய்து காட்டினார்.

தம்பிக்குப் போன் போட்டேன். அவனுக்கு நினைவிருந்தது. "அக்கா, அந்த ஓட்டை போடும்போது ஒரு தடவை கரண்ட் போச்சுல்ல? திரும்பப் போட்டதும் வந்துச்சே" என்றான். ஆமாம், போனது. லோடு அதிகம் என்று நினைத்துவிட்டோம். ட்ரில் பிட் இரண்டு வயரின் தோலையும் கீறியிருக்கிறது. அப்போது ரேக்கில் பாரம் இல்லாததால் ஸ்க்ரூ முழுதாகத் தொடவில்லை. தீபாவளிக்காக நூலும் லைனிங் துணிக் கட்டும் ஏற்றியதும் ஸ்க்ரூ சற்றே சாய்ந்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. ட்ரில் போடும் நொடியில் கரண்ட் போனால் அந்த ஓட்டையை அப்படியே விட்டுவிட வேண்டும். ஸ்க்ரூ ஏற்றுவதற்கு முன் ஆளைக் கூப்பிட வேண்டும். தம்பி அன்று மாலையே வந்து நின்றான், முகமே சரியில்லை. "நீ வேணும்னா செஞ்ச?" என்று அத்தைதான் அவனைத் தேற்றினார்.

நம் ஊர் வீடுகளில் பைப் பெரும்பாலும் கூரையிலிருந்தோ ஜங்ஷன் பாக்ஸிலிருந்தோ செங்குத்தாக போர்டுக்கு இறங்கும். ஒரு போர்டிலிருந்து பக்கத்து பிளக்குக்குப் படுக்கையாகவும் ஓடும். ஆகவே எந்தப் போர்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, இரண்டு போர்டுகளுக்கு நடுவே ட்ரில் போடக் கூடாது. கதவுக்கு மேலே பாக்ஸ் மூடி தெரிந்தால் அதன் நேர்கோட்டிலும் கூடாது. குறுக்காக இழுத்த பைப்பும் சில பழைய வீடுகளில் உண்டு, அதனால் இந்த விதி முழுப் பாதுகாப்பு ஆகாது. சந்தேகம் இருந்தால் பக்கத்து போர்டைக் கழற்றி, பைப் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

ஸ்க்ரூவை எடுத்துவிட்டோம், பீப் இல்லை. இத்தோடு விட்டால் என்ன என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆர்டர்கள் கழுத்தில் நின்றன. அவர் பையிலிருந்து மெக்கரை எடுத்தார். 500 வோல்ட் கொடுத்து வயரின் தோல் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கும் கருவி அது. லைனில் எந்தப் பொருளும் இணைந்திருக்கக் கூடாது, இல்லாவிட்டால் அவை கெட்டுப்போகலாம். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டிய இடத்தில் 0.2 காட்டியது. "இப்ப சுவர் காஞ்சிருக்கு. கார்த்திகை மழைக்கு ஓதம் ஏறினா இது என்ன ஆகும்?" என்றார். வயரை மாற்றத்தான் வேண்டும்.

அந்த நேரத்தில் பார்க்க வந்த உறவினர் ஒருவர் எளிய வழி சொன்னார். சுவரைக் கொத்தி, கெட்ட இடத்தை வெட்டி, முறுக்கி ஒட்டி, டேப் சுற்றிப் பூசிவிடலாமே என்று. பெரியவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. பூச்சுக்குள் புதைத்த ஒட்டை அப்புறம் யாரும் பார்க்க முடியாது. டேப்பின் பசை வருஷம் போகப் போகக் காய்ந்துவிடும். அயர்ன்பாக்ஸ் கரண்ட் தினமும் அந்த முறுக்கில் ஓடும்போது இளகிய ஒட்டு சூடாகும். ஒட்டு போட்டே தீர வேண்டும் என்றால், திறந்து பார்க்கக்கூடிய பாக்ஸ் ஒன்றைச் சுவரில் பதித்து, டம்மி பிளேட் மூடி போட்டுச் செய்ய வேண்டும். இல்லையென்றால் பாக்ஸிலிருந்து போர்டு வரை ஒட்டே இல்லாத முழு வயர். எங்களுக்கு அவர் செய்தது இரண்டாவது.

மெயின்கார்டு கேட் பக்கம் போய் வயர் வாங்கி வந்தேன். அயர்ன்பாக்ஸ் பிளக் இருப்பதால் 2.5 சதுர மில்லிமீட்டர், மூன்று நிறத்திலும். வயர் மேலேயே ஐஎஸ் 694 என்றும் ஐஎஸ்ஐ முத்திரையும் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லியிருந்தார். பச்சைக்கு மெல்லிசு போதும் என்று கடைக்காரர் சொன்னார், நான் கேட்கவில்லை. எனக்குக் கோளாறைக் காட்டிக் கொடுத்ததே பச்சைதான்.

பழைய வயரின் முனையில் புது வயரைக் கட்டி, மேலிருந்து அவர் இழுக்க, கீழிருந்து தம்பி ஊட்டினான். இரண்டடி போனதும் சிக்கிக்கொண்டது. ட்ரில் பட்ட இடத்தில் பைப் உடைந்து, பூச்சு உதிர்ந்து உள்ளே அடைத்திருந்தது. பலமாக இழுக்க வேண்டாம் என்றார், புது வயரின் தோல் உரியும். பழைய வயரை உருவி எடுத்துவிட்டு, சுவரில் ஓரடி உயரத்துக்குக் காடி எடுத்தார். மெயின் அணைந்திருப்பதால் கட்டிங் மெஷின் ஓடாது, உளியும் சுத்தியலும்தான். உடைந்த பைப்பில் அரையடியை அறுத்தெடுத்துவிட்டு, புதுத் துண்டை இரண்டு பக்கமும் கப்ளிங் வைத்துப் பசை போட்டு இணைத்தார். பசை பிடிக்கும்வரை தேநீர் குடித்தோம். பிறகு வயர் இழுக்கும் ஸ்பிரிங்கை விட்டு, மூன்று வயரையும் சேர்த்துக் கட்டி, முகப்பவுடர் தூவி இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

உருவிய பழைய வயரைத் தரையில் நீட்டி வைத்துப் பார்த்தேன். கறுப்பில் ஒரு விரல்நக அளவு தோல் இல்லை, செம்பு பச்சைக் களிம்பு பூத்திருந்தது. எர்த் வயரில் நேர் எதிரே அதே அளவு வெட்டு. சிவப்பில் ஒரு கீறல், செம்பு வரை போகவில்லை. ட்ரில் பிட் இன்னும் ஒரு மயிரிழை போயிருந்தால் தம்பியின் கையில் இருந்த மெஷின் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

புது வயரில் மெக்கர் முள் கடைசிவரை போய் நின்றது. காடியை மூடுவதற்கு முன் ஒரு காரியம் செய்தோம், இதை எல்லோரும் செய்யலாம். என் அளவு டேப்பை போர்டின் விளிம்பிலிருந்து மேலே ஒட்டி, பைப் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொண்டேன். டிபி கதவின் உள்பக்கத்தில், எந்த எம்சிபி எந்த அறைக்கு என்றும் எழுதி ஒட்டினோம். காடிக்கு ஒரு துண்டு கோழிவலை வைத்து கொத்தனார் பூசிக் கொடுத்தார். மூன்று நாள் தண்ணீர் தெளித்தேன். பட்டியும் பெயின்ட்டும் பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம், ஈரம் முழுசாகப் போகாமல் அடித்தால் உரிந்துவிடும்.

டைரக்ட் செய்ததை அவிழ்த்து, பழைய ஆர்சிசிபியையே மறுபடி இணைத்தார். கரண்ட் கொடுத்து டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொன்னார். விழுந்தது. மாதம் ஒரு தடவை இப்படி அழுத்திப் பார்க்க வேண்டுமாம், விழாவிட்டால்தான் அதை மாற்ற வேண்டும். அந்த பட்டன் சாதனத்தை மட்டும்தான் சோதிக்கிறது, வீட்டு எர்த் நன்றாக இருக்கிறதா என்பதைச் சொல்லாது என்றும் சொன்னார். எர்த் குழியைத் திறந்து பார்த்தால் காய்ந்து பாளமாக வெடித்திருந்தது. இப்போது வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

அயர்ன்பாக்ஸைப் போட்டேன். கிரைண்டரையும் சேர்த்துப் போட்டேன். விழவில்லை. ஏழு பிளவுஸ் தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரிதான் கொடுக்க முடிந்தது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்.

ரேக் இப்போது எதிர்ச்சுவரில், எந்தப் போர்டும் இல்லாத பக்கத்தில் இருக்கிறது. தம்பி அதை மாட்டுவதற்கு முன் மெயினை அணைத்து, பக்கத்துப் போர்டைக் கழற்றி, பைப் போகும் வழியைச் சாக்பீஸால் சுவரில் கோடு போட்டுக்கொண்டான். ட்ரில்லை மாடி வீட்டிலிருந்து கரண்ட் இழுத்து ஓட்டினான். அப்போது அந்த வீட்டு அம்மா, தங்கள் வீட்டிலும் போன வருஷம் அடிக்கடி ட்ரிப் ஆகி, ஒருவர் வந்து சரிசெய்த பிறகு நின்றுவிட்டது என்றார். என்ன சரிசெய்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. டிபியைத் திறந்து பார்த்தோம். அதே மாதிரி, நேராகச் சேர்த்த இரண்டு வயர்கள். பெரியவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை ஈரக்கையோடு எதையும் தொட வேண்டாம் என்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம்.